மெய்நிகர் வகுப்பறையில் நம் பிள்ளைகளுக்கு இடம் எங்கே?

(தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்களுக்கான கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, இளைஞர்களே! கணினி, இணையம், மெய்நிகர் உலகம் பற்றிப் பேசும்படி ஏற்பாட்டாளர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் கணினி வல்லுநர் அல்ல, வழக்கறிஞர். எந்தக் கருவி சிறந்தது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அந்தக் கருவி நம் பிள்ளையின் கைக்கு வந்து சேராவிட்டால் சட்டம் என்ன சொல்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் சற்று வரலாறு. 1996இல் மல்டிமீடியா சூப்பர் காரிடார் திட்டம் தொடங்கியது. அதன் ஒரு கிளையாக, 1999இல் விவேகப் பள்ளித் திட்டம் ஏறக்குறைய 90 பள்ளிகளில் சோதனை முறையில் நடந்தது. அதற்காக மலாய், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஆகிய நான்கு பாடங்களுக்குக் கணினிப் பாடங்கள் தயாரித்தார்கள். தமிழ் அந்த நான்கில் இல்லை.

அடுத்து 2011இல் ஒன் பெஸ்தாரிநெட் வந்தது. 10,000 பள்ளிகளுக்கு இணைய வசதி, மாணவர்களுக்கு ஃபுரோக் வி.எல்.இ. என்னும் மெய்நிகர் கற்றல் தளம், மொத்தம் 400 கோடி ரிங்கிட்டுக்கு மேல். அந்தத் தளத்தைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளரின் 2013ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது. 2019 நடுவில் திட்டம் முடிவுக்கு வந்தது. பிறகு கூகுள் கிளாஸ்ரூம், 2020இல் டெலிமா. திட்டத்தின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கு மட்டும் நம் கைக்கு வரவே இல்லை.

அந்தக் கணக்கைக் கொரோனா வெளியே கொண்டுவந்தது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலானது. அடுத்த மாதம் கல்வியமைச்சு ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்த மின்னியல் கருவியும் இல்லை. 46 விழுக்காட்டினரிடம் திறன்பேசி இருந்தது. மடிக்கணினி 9 விழுக்காட்டினரிடம் மட்டுமே.

இது எல்லா இனத்துக்கும் பொதுவான கணக்கு. மலாய்க் கம்பத்திலும் பூர்வகுடிக் கிராமத்திலும் சபா, சரவாக் உட்பகுதியிலும் இதே வேதனைதான். அதை மறந்து பேசினால் நம் போராட்டத்துக்கு நியாயம் இருக்காது. ஆனால் தோட்டத்து லயத்திலும் மலிவு விலை அடுக்குமாடியிலும் வாழும் நம் குடும்பங்களில் அந்த 46 விழுக்காட்டின் பொருள் என்ன? வீட்டுக்கு ஒரு திறன்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு அவர் திரும்பிய பிறகு மூன்று பிள்ளைகள் அதைச் சுற்றி உட்காருவார்கள். பாடமோ காலையிலேயே முடிந்திருக்கும்.

2021இல் செர்டிக் திட்டத்தின்கீழ் 500 பள்ளிகளுக்கு 150,000 கருவிகள் என்றார்கள். அரசு சார்பு நிறுவனங்களின் பணத்தில் வந்த நல்ல உதவிதான், மறுக்கவில்லை. உங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இருந்ததா? இல்லையென்றால், ஏன் இல்லை என்று எழுத்து மூலம் கேட்டீர்களா?

இனி சட்டத்துக்கு வருகிறேன். தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுத்த வழக்கை 2021இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2024இல் கூட்டரசு நீதிமன்றம் மேற்கொண்டு முறையிட அனுமதி மறுத்தது. நம் பள்ளி இருக்கலாம் என்பது முடிவாகிவிட்டது. அந்தப் பள்ளிக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதே இனி நம் கேள்வி.

கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். மாணவர்களின் கல்விக்குப் பொதுப் பணத்திலிருந்து நிதி உதவி வழங்கும்போது சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் என்ற காரணத்தால் மட்டும் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. அந்தக் கல்விக்கூடத்தை அரசு பராமரித்தாலும் பராமரிக்காவிட்டாலும் இது பொருந்தும் என்றும் அதே விதி சொல்கிறது. "உங்கள் பள்ளி தோட்ட நிலத்தில் இருக்கிறது, பகுதி உதவி பெறும் பள்ளி" என்ற பதிலை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! கட்டடத்துக்கு அந்தப் பதில் சரியா என்பது தனி வாதம். பிள்ளையின் கல்விக்குத் தரும் உதவிக்கு அந்தப் பதில் செல்லாது என்பதே என் வாதம். நன்கொடையாக வரும் கருவிக்கு 12ஆம் விதி பொருந்துமா என்று எதிர்த்தரப்பு கேட்கலாம். வரிப்பணத்துக்கு அந்தக் கேள்வி எழாது. ஆகவே நாம் நன்கொடைக்குக் காத்திருக்காமல் வரவுசெலவுத் திட்டத்தில் பங்கு கேட்க வேண்டும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த விதியில் "மட்டும்" என்ற ஒரு சொல் இருக்கிறது. இனம் மட்டுமே காரணம் என்று நிரூபிப்பது எளிதல்ல. 153ஆம் விதியும் குறுக்கே வரும். அந்த விதியும் மற்ற இனங்களின் நியாயமான நலன்களைக் காக்கச் சொல்கிறது என்பதை நாம் எடுத்துக்காட்ட வேண்டும். நீதிமன்றத்தில் மனக்குறை நிற்காது, ஆவணம்தான் நிற்கும். ஆகவே ஒவ்வொரு பெற்றோர் ஆசிரியர் சங்கமும் செய்ய வேண்டியவை இவை:

1. பள்ளியில் இயங்கும் கணினி எத்தனை, பழுதானது எத்தனை, இணைய வேகம் எவ்வளவு என்று தவணைக்கு ஒருமுறை எழுதி வையுங்கள்.

2. வீட்டில் தனக்கென்று கருவி இல்லாத மாணவர்களை எண்ணுங்கள். பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

3. மாவட்டக் கல்வி இலாகாவுக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது கேட்டதாகவே ஆகாது.

4. கல்வி கூட்டரசு அதிகாரத்தில் உள்ளது. ஆகவே உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரை மக்களவையில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள். பள்ளி வாரியாகப் பதில் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள்.

தமிழில் மின்னியல் பாடம் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முரசு அஞ்சலைத் தந்த முத்து நெடுமாறன் நம் நாட்டவர். கைப்பேசியில் தமிழ் எழுத வைத்த செல்லினம் 2005இல் வெளிவந்தது. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. கருவி செய்யும் திறமை நம்மிடம் உண்டு. அதைப் பாடமாக்கத் தேவையான பணமும் ஆணையும் கல்வியமைச்சிடம் இருக்கின்றன.

வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. உணவு அனுப்பவும் மின் அழைப்பு வாகனம் ஓட்டவும் போகும் நம் இளைஞர்களுக்கு முதலாளி ஒரு செயலி. கணக்கை முடக்கினால் யாரிடம் முறையிடுவது? 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம் அதற்கென ஒரு நடுவர் மன்றத்துக்கு வழி செய்கிறது. ஒப்பந்தத்தைப் படிக்காமல் திரையில் "சம்மதம்" என்று தட்டாதீர்கள். முடக்கிய செய்தியை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள்.

அன்று தோட்டப் பள்ளிக்குக் கரும்பலகை கேட்டு நம் தாத்தாக்கள் மனு எழுதினார்கள். இன்று நாம் கேட்பது இணையமும் கணினியும். அடுத்த தவணை தொடங்கும் முன் உங்கள் பள்ளியின் முதல் கடிதம் போய்ச் சேரட்டும். எழுதத் தெரியவில்லையென்றால் எங்களிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம்.