சும்மா தொங்குற ஒயர் சும்மா இல்லை



கடன், வட்டி, வசூல் பற்றி எல்லாரும் பேசிட்டாங்க. நான் நம்ம வீட்டு ஒயரைப் பற்றிச் சொல்றேன்.

பழைய குண்டு பல்பு ஹோல்டரைக் கழற்றிட்டு, டியூப் லைட்டை வேற இடத்துல மாட்டுறோம். பழைய ஒயர் இரண்டும் சுவரில் நீட்டிக்கிட்டு நிற்கும். "அது சும்மாதான் இருக்கு"ன்னு விட்டுடுறோம். பல்பைத்தான் எடுத்தோம், கரண்டை எடுக்கலை. அதோட மறுமுனை போர்டுல இருக்கிற வரைக்கும் 230 வோல்ட் அதுல வரலாம். சுவிட்சை அணைச்சா போதும்னும் நினைக்கக் கூடாது. சில வீட்டுல சுவிட்சை பேஸ் ஒயர்ல போடாம நியூட்ரல்ல போட்டிருப்பாங்க. அப்போ சுவிட்ச் அணைஞ்சிருந்தாலும் ஒயர்ல கரண்ட் இருக்கும்.

இதுக்கு வழி, மெயினை அணைச்சு, இன்வெர்ட்டர் இருந்தா அதையும் அணைச்சு, ஒயர்மேனை வச்சு அந்த ஒயரைப் போர்டிலேயே கழற்றச் சொல்றதுதான். எடுக்க முடியாத ஒயரா இருந்தா, ஒவ்வொரு முனையையும் தனித்தனியா கனெக்டர் போட்டு, பெட்டிக்குள்ள வச்சு மூடி போடணும். இரண்டையும் சேர்த்து முறுக்கவே கூடாது. வெறும் டேப் நாளானா வெயிலுக்கு உரிஞ்சிடும்.

அடுத்தது பச்சை ஒயர். விலையில்லா கிரைண்டர், மிக்சி 2011-ல் வர ஆரம்பிச்சதுல இருந்து நம்ம அடுப்படியில மெஷின் கூடிப்போச்சு. பிளக்குல மூணாவது ஓட்டை இல்லைன்னு பச்சை ஒயரை வெட்டி விடுறாங்க. அது உபரி ஒயர் இல்லைங்க, எர்த். கிரைண்டர் பாடியில கரண்ட் கசிஞ்சா, அதைப் பூமிக்குக் கொண்டு போய் நம்மைக் காப்பாத்துறது அதுதான். ஈரக் கையோட மாவு தள்ளுறது நாமதானே!

அமாவாசைக்குக் கோயில் பக்கம் கடை போடுற அக்காங்களுக்கும் ஒரு வார்த்தை. ஊஞ்சல் உற்சவம் முடிஞ்சதும் பல்பை மட்டும் எடுத்துட்டு ஒயரை விட்டுட்டுப் போகாதீங்க. முதல்ல மெயின்ல இணைப்பை எடுக்கச் சொல்லிட்டு, அப்புறம் ஒயரைச் சுருட்டுங்க.

யாரையாவது கரண்ட் பிடிச்சிட்டா கையால இழுக்காதீங்க. மெயினை அணைச்சுட்டு 108-ஐக் கூப்பிடுங்க. தெருவுல கம்பி அறுந்து கிடந்தா கிட்ட போகாம, மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்க.

அடுத்த குழுக் கூட்டத்துல, யார் வீட்டுல என்ன ஒயர் தொங்குதுன்னு கேட்டு நோட்டுல எழுதுவோம். ஒரே நாள்ல ஒயர்மேனைக் கூப்பிட்டு, எல்லா வீட்டையும் பார்க்க வச்சு, கூலியைப் பகிர்ந்துக்குவோம். சேமிப்புக்கு ஒண்ணு சேர்ந்த நாம, உசுரைக் காப்பாத்தவும் ஒண்ணு சேரலாம்.