தாருக்கு அடியில் இருந்த துரு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம்.)



முதலில் ஒரு மன்னிப்பு. போன சித்திரையில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கீழ்த்தள பார்க்கிங்கில் தார் கருகும் நாற்றமும் கிரைண்டர் சத்தமும் வந்ததே, அது என் வேலைதான். பி பிளாக் அம்மா ஒருவர் கீழே இறங்கி வந்து, "ரோடு போடறீங்களா, கார் ரிப்பேர் பண்றீங்களா?" என்று கேட்டார். அன்றே மூட்டை கட்டினேன். அதற்கு அபராதமாகத்தான் செயலாளர் இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்.

வண்டி எங்கள் அப்பாவுடையது. 1969-ம் வருட ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நாலு கதவு மார்க் 3. இளையவர்களுக்கு இந்தப் பெயர் தெரியாது. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை வைத்து, சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் 1961 முதல் தயாரித்த கார். கல்கத்தாவுக்கு அம்பாசடர், பம்பாய்க்கு ஃபியட், நமக்கு ஹெரால்டு.

அப்பா காலமான பிறகு ராசிபுரம் பக்கம் எங்கள் தோட்டத்துக் கொட்டகையில் பல வருஷம் நின்றது. அதற்கு முன் ஒரு பட்டறையில் அடிப்பாகம் முழுவதும் அண்டர்கோட்டிங் அடித்து வாங்கியிருந்தோம். இங்கே கொண்டுவந்து குனிந்து பார்த்தால் கன்னங்கரேலென்று பளபளப்பாக இருந்தது. எஞ்சினைச் சரிசெய்தால் போதும், பேரப்பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று கணக்குப் போட்டேன்.

டயர் மாற்ற ஜாக்கி வைத்தேன். ஜாக்கி ஏறியது, வண்டி ஏறவில்லை. அப்பளம் நொறுங்குகிற சத்தம். ஜாக்கியின் தலை சேசிஸுக்குள்ளேயே போய்விட்டது. சக்கரத்தைக் கழற்றாமல் இருந்ததால் யார் கையும் காலும் மாட்டவில்லை. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது உங்களுக்கே தெரியும். அந்த வளைவுகளில் இந்தச் சேசிஸை நம்பி மூன்று பிள்ளைகளை உட்கார வைக்க இருந்தேன்.

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் வேண்டும். தார்ப்பூச்சு புதிதாக இருக்கும்போது இரண்டையும் தடுக்கும். சேலம் வெயிலில் அது வருஷக்கணக்கில் காய்ந்து மயிரிழை வெடிப்பு விடும். மழைத்தண்ணீரும் கழுவுகிற தண்ணீரும் அந்த வெடிப்பில் உள்ளே போகும். வெளியே வர வழியில்லை, உலரவும் முடியாது. துரு இரும்பைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் எடுத்துக்கொள்ளும். அதனால் பூச்சைத் தள்ளித் தூக்கி, இன்னும் கொஞ்சம் தண்ணீருக்கு இடம் பண்ணிக் கொடுக்கும். துருவின் மேலேயே பூச்சடித்திருந்தால் இது முதல் நாளே தொடங்கிவிடும். என் வண்டியில் நடந்தது அதுதான்.

"சேலம் வறண்ட ஊர்தானே, கடற்கரையா இது?" என்று கேட்கலாம். துருவுக்குக் கடல் வேண்டாம், ஈரம் தங்குகிற ஒரு மூலை போதும். வீல் ஆர்ச்சில் அப்பிய களிமண், கதவின் அடியில் வைக்கோல் தூசி அடைத்த வடிகால் ஓட்டை, மிதியடிக்குக் கீழே எலி கட்டிய கூடு, இவை போதும். நம் கஞ்சமலையிலேயே இரும்பு தாதுவாகத்தான் கிடக்கிறது. ஹீத் என்ற வெள்ளைக்காரர் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கி, சேலத்துத் தாதுவை அங்கே உருக்கினார். அவ்வளவு நெருப்பைச் செலவழித்துப் பிரித்த இரும்பு, கண் அசந்தால் திரும்பவும் தாதுவாகப் போகத்தான் பார்க்கும்.

இப்போது செய்முறை. நான் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்கும் முன் பேட்டரியையும் பெட்ரோல் டேங்கையும் கழற்றி வெளியே எடுத்துவிட வேண்டும். டேங்க் காலியாக இருந்தாலும் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். பிறகு, சேசிஸ் எண் எங்கே பொறித்திருக்கிறதோ, எங்கே தகட்டில் அடித்திருக்கிறதோ, அதைப் படமெடுத்துக்கொண்டு மேலே டேப் ஒட்டிவிடுங்கள். துருவோடு அந்த எண்ணையும் கிரைண்டரில் தேய்த்துவிட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அது திருட்டு வண்டியா இல்லையா என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும்.

அடுத்து, தட்டிப் பார்ப்பது. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அடிப்பாகம் முழுக்கத் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும். மொத்தென்று சத்தம் வந்தால் சாக்பீஸில் வட்டம் போடுங்கள். என் வண்டியில் சாக்பீஸ் தீர்ந்துபோனது.

பழைய தார்ப்பூச்சை எடுக்க நான் முதலில் வயர் பிரஷ் மாட்டிய கிரைண்டரைத் தூக்கினேன். அது முதல் தப்பு. தார் சூடாகி உருகிப் பிரஷில் ஒட்டி, முகமெல்லாம் தெறித்தது. இன்னொன்று, அந்தக் காலத்து அண்டர்கோட்டிங் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருப்பார்கள், பழைய பெயின்டில் ஈயம் இருக்கும். உலர்ந்த பூச்சைப் பொடியாக்கிப் பறக்கவிட்டால் நம் நெஞ்சுக்குள் போகும், பக்கத்தில் சைக்கிள் ஓட்டும் குழந்தைக்கும் போகும்.

அடுத்த ஞாயிறு கேஸ் டார்ச் பிடித்தேன். அது இரண்டாவது தப்பு. ஒரு சாண் நீளத்துக்குப் பற்றிக்கொண்டது. பக்கத்தில் மணல் வாளி இருந்ததால் அணைத்தேன். மேலே நூறு பேர் தூங்குகிற கட்டடத்தின் அடியில் செய்கிற வேலை இல்லை அது. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அதன்பின் வண்டியை ஏற்றி நாமக்கல் அனுப்பினேன். லாரிக்கு பாடி கட்ட இந்தியா முழுவதிலிருந்தும் அங்கே வருகிறார்கள். கார் என்றதும் சில பட்டறைகள் தயங்கின. கடைசியில் ஒரு வயதான டிங்கர் ஒத்துக்கொண்டார். கீழே படுத்து, ஸ்க்ரூ டிரைவரை ஓர் இடத்தில் வைத்து அழுத்தினார். அது உள்ளே போய்விட்டது. எழுந்து வந்து சொன்னார்: "ஏனுங்க சார், இங்க தகடே இல்லீங்க. தாருதான் தகடாட்டம் நின்னுட்டிருக்குது."

அவர் வேலை செய்த விதம் இது. வெயிலுக்கு முன், காலை ஆறு மணிக்கே தொடங்குவார். அந்த நேரத்தில் தார் இறுகி இருப்பதால், ஏற்கெனவே விட்டுப்போன பகுதிகள் மழுங்கிய உளியால் தட்டினாலே பாளம் பாளமாக விழும். கெட்டியாகப் பிடித்திருக்கும் இடத்துக்கு ஹீட் கன். புகை வரக்கூடாது, இளகினால் போதும். இளகியதும் தோசைக்கரண்டி மாதிரி ஒரு சுரண்டியால் ஒரே இழுப்பில் வழித்து எடுப்பார். ஹீட் கன்னை அணைத்து, தகடு ஆறிய பிறகுதான் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் மிச்சக் கறையைத் துடைப்பார். சூடும் மண்ணெண்ணெயும் ஒன்றாகக் கூடாது. கடைசியில் தின்னர் துடைப்பு. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிரைமர் பிடிக்காது. வழித்த தாரை மூட்டையில் கட்டி வைத்தார், சாக்கடையில் தள்ளவில்லை.

தார் போனதும்தான் துரு கண்ணுக்குத் தெரியும். அதில் மூன்று வகை. மேலாகப் படிந்தது, குழி விழுந்தது, ஓட்டையே விழுந்தது. மூன்றுக்கும் ஒரே வைத்தியம் இல்லை.

மேல் துருவுக்கு வயர் பிரஷும் உப்புத்தாளும் போதும். கண்ணாடியும் முகக்கவசமும் கட்டாயம். பிரஷின் கம்பி அறுந்து பறந்தால் கண்ணில்தான் தைக்கும். குழித்துருவை வயர் பிரஷ் ஏமாற்றிவிடும். மேலே மினுக்கிவிடும், குழிக்குள் கருந்துரு அப்படியே இருக்கும். அங்கேதான் பாஸ்பாரிக் அமிலம் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் உதவும், துருவை அது இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். சில கன்வெர்ட்டர்களில் டானின் இருக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்களே நம் முன்னோர், அதே வேதியியல்தான். டானின் இரும்போடு சேர்ந்து கறுப்பாகக் கெட்டிப்படும். ஆனால் செதில் செதிலாக நிற்கும் துருவின் மேல் இதை ஊற்றிப் பயனில்லை. செதிலைச் சுரண்டிய பிறகே ஊற்ற வேண்டும்.

கழிவறை கழுவும் ஆசிட்டை மட்டும் யாரும் தொடாதீர்கள். துரு பால் மாதிரி கரையும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள குளோரைடு தகட்டின் இடுக்கில் தங்கி மறுபடி துருவைக் கிளப்பும். அதன் ஆவி கீழ்த்தளத்தில் பரவினால் உங்கள் வண்டியோடு எல்லோர் வண்டியும் துருப்பிடிக்கும். கதவுக் கீல், பிராக்கெட் போன்ற சின்னச் சாமான்களுக்கு மளிகைக் கடை எலுமிச்சை உப்பைத் தண்ணீரில் கரைத்து ஓர் இரவு ஊறப்போட்டு, நன்றாகக் கழுவி உடனே உலர்த்தினால் போதும். பிரேக், ஸ்டியரிங் போல்ட்டுகளை ஊறப்போடாதீர்கள். புதிது வாங்குங்கள்.

சலவை சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜரை வைத்துத் துரு எடுக்கும் முறையும் உண்டு. நல்ல முறை. ஆனால் நாம் சேலத்துக்காரர்கள், வீட்டில் எவர்சில்வருக்குக் குறைவில்லை. பிளஸ் முனையில் எவர்சில்வர் தட்டை மாட்டிவிடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் நச்சாகித் தண்ணீரில் கலக்கும். சாதாரண இரும்புத் துண்டு போதும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும்.

ஹெரால்டுக்கு ஒரு வசதி, பாடியைப் போல்ட் கழற்றிச் சேசிஸிலிருந்து தனியாகத் தூக்கிவிடலாம். அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் அது முடியாது, தரையே அவற்றுக்கு எலும்பு. என் வண்டியில் சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளை 'அவுட்ரிக்கர்' என்பார்கள். பாடி அவற்றின் மேல்தான் உட்காருகிறது. உலகம் முழுக்க ஹெரால்டு முதலில் அழுகுவது அங்கேதான். ஜாக்கி நுழைந்ததும் அங்கேதான்.

சேசிஸை மட்டும் பிளாஸ்டிங்குக்குக் கொடுத்தோம். மெல்லிய பாடித் தகட்டைக் கொடுத்தால் நெளிந்துவிடும். ஆற்றுமணலில் அடித்துத் தருகிறேன் என்று யாராவது குறைந்த விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த மணல்தூசி அடிக்கிற தொழிலாளியின் நுரையீரலில் சிலிக்கோசிஸாகப் படியும், அதற்கு மருந்து இல்லை. கார்னெட் மணலோ தாமிரக் கசடோ போட்டு அடிக்கும் இடம் பார்த்துக் கொடுங்கள்.

ஓட்டை விழுந்த இடத்தில் நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுத்து, அதே கனத்தில் புதுத் தகடு வைத்து சி.ஓ.டூ வெல்டிங் செய்தார். அழுகிய தகட்டின் மேலேயே ஒட்டுப் போட்டால் நடுவில் தண்ணீர் தங்கும். நானும் "மேலேயே ஒரு தகடு வச்சிருங்களேன், செலவு குறையும்" என்றேன். "அப்பறம் எதுக்குங்க தாரை வழிச்சோம்?" என்றார். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

வெறும் இரும்பை ஓர் இரவு விட்டாலும் மறுநாள் மஞ்சள் பூக்கும். அதனால் சுத்தம் செய்த அன்றே எபாக்சி பிரைமர். "ரெட் ஆக்சைடு அடித்துவிட்டேன், போதும்" என்பார்கள் பலர். ரெட் ஆக்சைடின் மேல் பெயின்ட் இல்லாவிட்டால் அது ஈரத்தை உறிஞ்சும். பிரைமர், பெயின்ட், மடிப்புகளுக்குள் மெழுகு, சக்கரம் கல்லடிக்கும் இடத்தில் மட்டும் மெல்லிசாகப் புது அண்டர்கோட்டிங். வடிகால் ஓட்டைகள் அத்தனையையும் திறந்து வைத்தோம். இனி ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் கீழே படுத்துப் பார்க்க வேண்டும்.

தாள் விஷயமும் ஒன்று. 50 வருடம் கடந்த கார்களை 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி 'விண்டேஜ்' என்று பதிவு செய்யலாம். எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாற்றப்பட்டிருக்கக் கூடாது, அன்றாடப் போக்குவரத்துக்கும் ஓட்டக்கூடாது. அதனால் பழைய அளவிலேயே பழுது பார்ப்பதும், கழற்றியதையெல்லாம் படமெடுத்து வைப்பதும் நல்லது.

முடிக்கும் முன் ஒன்று. இந்த வேலைக்குப் பிறகு நான் எதையும் தட்டிப் பார்க்கிறேன். நம் கீழ்த்தளத்தில் தண்ணீர்த் தொட்டி ஓரமாக இருக்கும் மூன்று தூண்களின் அடியில் பழுப்புக் கறை வந்து, பொங்கலுக்கு முன் வெள்ளையடித்து மறைத்தோம், ஞாபகமிருக்கும். போன வாரம் தட்டினேன். இரண்டு தூண்கள் நன்றாகச் சொல்கின்றன. ஒன்று மொத்தென்கிறது. உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பினால் கான்கிரீட் இப்படித்தான் விட்டுப்போகும். எனக்குக் கட்டடம் தெரியாது, பயமுறுத்தவும் இல்லை. அடுத்த பெயின்ட் செலவுக்குத் தீர்மானம் போடும் முன், ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூப்பிட்டு அந்தத் தூணைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சுத்தியலும் சாக்பீஸும் நான் தருகிறேன்.

ஹெரால்டு அடுத்த மாதம் இங்கே வந்து நிற்கும். பிள்ளைகள் ஏறிப் பார்க்கலாம். பெரியவர்கள் குனிந்து அடியையும் பார்க்கலாம்.