அந்நியன் என்பவன் யார்?

(இலவசப் பல்கலைக்கழகக் கல்வி பற்றி வெள்ளவத்தைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வெளிநாட்டு மாணவர்க்குப் பல்கலைக்கழகக் கல்வியை இலவசமாக வழங்கலாமா என்பதே இன்று நம்முன் உள்ள வினா. "எம் பிள்ளைகளுக்கே இடம் போதாதிருக்க, அந்நியன் பிள்ளைக்கு எம் வரிப்பணமா?" என்று உழவர் ஒருவர் என்னைக் கேட்டார். அக்கேள்வியில் நியாயம் உண்டு. 1945ஆம் ஆண்டு அக்டோபர் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த கன்னங்கராவின் திட்டம், பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வியை இலவசமாக்கியது. அதன் செலவைச் சுமப்போருள், சீனி வாங்கும்போதும் வரி செலுத்தும் ஏழையும் ஒருவன். ஆதலின், தன் நாட்டில் வசதியோடு வாழ்ந்து, இங்கு கற்று மீளும் செல்வர் வீட்டுப் பிள்ளை கட்டணம் செலுத்துவதே முறை. நீண்டகாலம் இலவசமாகக் கற்பித்த நோர்வேயும், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவரிடம் 2023ஆம் ஆண்டிலிருந்து கட்டணம் அறவிடுகிறது.

ஆனால், அந்நியன் என்பவன் யார்? அதைச் சட்டம் சொல்கிறது. சட்டமோ மனிதர் எழுதுவது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இம்மண்ணில் பிறந்து தேயிலை பறித்த இலட்சக்கணக்கான மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், அவர்தம் சம்மதம் கேளாமலே, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரின் விதியைப் பிற்பாடு பேசுவோம் என்றது. எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே வந்தது. தேயிலைக்கு அந்நியமாகாத கை, ஏட்டுக்கு மட்டும் அந்நியமானது எவ்வாறு?

பாக்குநீரிணைக்கு அப்பாலும் இதே கதைதான். 1983ஆம் ஆண்டின் பின் தமிழகம் சென்ற நம்மவரின் பிள்ளைகள் பலர் அங்கேயே பிறந்தும், சட்டத்தின் முன் வெளிநாட்டவரே. தொடக்கத்தில் கல்லூரிகள் அவர்களை ஏற்றன. 1991ஆம் ஆண்டு ராஜீவ் காந்தி கொலையுண்டபின் கதவுகள் சாத்தப்பட்டன. பின்னர் மீண்டும் திறந்தன. 2021ஆம் ஆண்டு தமிழக அரசு அறிவித்த 317.40 கோடி ரூபாத் திட்டத்தில், பொறியியலில் சேரும் முதல் 50 மாணவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் ஏற்பதாகக் கூறியது. நன்றியோடு வரவேற்கிறோம். எனினும், சலுகை வேறு, உரிமை வேறு. ஓர் ஆட்சி திறந்த கதவை மற்றோர் ஆட்சி சாத்தலாம்.

ஆகவே நான் முன்வைக்கும் விதி இது: கடவுச்சீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். திரும்பிச் செல்ல நாடும், செலுத்தப் பொருளும் உடையவன் செலுத்தட்டும். இங்கேயே வாழ்பவனும் புகலிடம் தேடி வந்தவனும் இந்நாட்டுப் பிள்ளைக்குச் சமமாகக் கற்கட்டும். அதைச் சட்டமாக எழுதுங்கள்.

இவ்விதி நம்மையும் கட்டும். 2024ஆம் ஆண்டு டிசம்பரில், நூற்றுக்கு மேற்பட்ட ரோகிங்யா அகதிகளோடு ஒரு படகு முள்ளிவாய்க்கால் கரையோரம் வந்தது. அதிலும் குழந்தைகள் இருந்தனர். சென்னையில் நம் பிள்ளைக்குக் கேட்பதை, இங்கே அக்குழந்தைக்கு மறுப்போமாயின், நாம் கேட்பது நீதியன்று, வெறும் சலுகையே.