நம் வாசலால் போகும் பாதை
(தோட்டத் தலைவர்மார், மாதர் சங்கத்தினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெக்கோ பாதை என்ற பெயரை இப்போது எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்டி ஹந்தானையில் தொடங்கி கலஹா, பூண்டுலோயா, கொட்டகலை, பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல என்று மலைகளைச் சுற்றி நுவரெலியாவில் முடிகிறது. 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டங்கள். முதுகில் பையும் கையில் தடியுமாக உல்லாசப் பயணிகள் லயத்து வாசலால் நடந்து போவது இதற்காகத்தான்.

இதில் பெரும்பகுதி புதிதாக வெட்டிய பாதை அல்ல. தோட்டத்து ரோட்டையும் குறுக்குப் பாதைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ரோட்டுக்குக் கல் உடைத்தது யார்? கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்து ஸ்டோருக்கு நடந்து நடந்தே அந்தக் குறுக்கைப் பாதையாக்கியது யார்? அது பயணிக்குத் தெரியாது. தெரியவைக்க வேண்டியவர்கள் நாம்.

பாதையில் லூல்கந்துர வருகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் தேயிலை வைத்தார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். 19 ஏக்கருக்கும் அவரே குழி வெட்டினாரா? கோப்பிக் காலத்திலேயே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை வரை நடந்து, வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் ஆட்களைப் பறிகொடுத்து மலையேறிய சனங்கள் நாம். 2023இல், 200 வருட நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம் மக்கள் மறுபடி நடந்தார்கள். அந்த வழியையும் அடையாளப்படுத்தி, தமிழிலும் பலகை வைக்க வேண்டும் என்று கேட்போம்.

இனிக் காசு விஷயம். பயணி டவுனில் சாப்பிடுகிறார், ஹோட்டலாகிவிட்ட பழைய துரை பங்களாவில் படுக்கிறார். லயத்தில் ஒரு பிளேன்டீ கூடக் குடிப்பதில்லை. "நீங்களும் வீட்டில் ஆள் தங்கவைத்துச் சம்பாதிக்கலாமே" என்று நமக்குப் புத்தி சொல்கிறார்கள். எந்த வீட்டில்? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவிலா? காணி அரசாங்கத்துக்கு, குத்தகை கம்பனிக்கு. ஒரு கக்கூஸ் கட்டுவதற்கும் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டு நிற்கிறோம். உறுதி இல்லாதவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? சுற்றுலாவால் நமக்கு வருமானம் என்று பேச வருகிறவர்களிடம் முதலில் காணி உறுதியைப் பற்றிக் கேளுங்கள். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

படம் பிடிப்பதைப் பற்றி மாதர் சங்கத்தினர் சொன்னது நியாயம். மலையில் கொழுந்தெடுக்கும் பெண்ணை நிறுத்தி, சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தால் அவளுக்குத்தான் கிலோ குறைகிறது. அரைப்பேர் போட்டால் படம் எடுத்தவர் வந்து சொல்வாரா? (அட்டைக் கடியோடு அவர் நின்று சிரித்துப் பார்க்கட்டும்.) கேட்டுவிட்டு எடுக்கட்டும், வேண்டாம் என்றால் விட்டுவிடட்டும்.

நம் பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். எந்த ஓடை மழைக்குப் பெருகும், எந்தச் சரிவு இடியும், எங்கே சிறுத்தை நடமாடும் என்று அறிந்தவர்கள் அவர்கள். ஆங்கில வகுப்பும் வழிகாட்டி அனுமதிப்பத்திரமும் கிடைத்தால் இந்த வேலைக்கு அவர்களைவிடப் பொருத்தமானவர் இல்லை. வெளியாரைக் கூட்டிவந்து நம் மலையை நமக்கே காட்டும் கூத்து வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு வாருங்கள்: வழிகாட்டியாக விரும்பும் பிள்ளைகளின் பெயர், உங்கள் டிவிசனில் பாதை போகும் இடங்கள், பழைய கதை தெரிந்த பெரியவர்கள் யார் என்பது. பெரியவர்களிடம் முதலில் போங்கள்.