மேசைமேல் ஓடிய இருப்புப்பாதை

(பீன்யாவில் நடைபெற்ற நம் சங்கத் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேடையில் நின்று புலவர் பெருமக்கள் திருக்குறளின் ஆழத்தையும் சிலப்பதிகாரத்தின் சுவையையும் எடுத்துரைக்கக் கேட்டிருக்கிறோம். நானோ பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக் கொண்டவன். இரயில் நிலையத்தில் பயணச்சீட்டு வழங்கும் குமாஸ்தா. "அறிந்ததைப் பேசுங்கள், அது போதும்" என்று செயலாளர் அவர்கள் கட்டளையிட்டார்கள். நான் அறிந்தது இரயில் ஒன்றே. அதிலும் பெரிய இரயிலைப் பற்றிப் பேச வரவில்லை. மேசைமேல் ஓடும் சிற்றுரு இரயிலைப் பற்றியும், காணொளிகளைப் பார்த்து அதை அமைக்க நாங்கள் கற்ற கதையைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். "குழந்தை விளையாட்டுக்கா ஒரு சொற்பொழிவு?" என்று நீங்கள் நகைக்கலாம். சற்றுப் பொறுத்துக் கேட்டபின் நகைக்குமாறு வேண்டுகிறேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களை நாம் மறந்திருக்க முடியாது. 1853-இல் பம்பாய்க்கும் தாணேவுக்கும் இடையே பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடத் தொடங்கிய இந்திய இரயில், நோயின் கொடுமையால் நாடெங்கும் பயணிகளை ஏற்றாமல் நின்றது. சரக்கு வண்டிகள் மட்டும் ஓடின. என் சாளரம் மூடப்பட்டது. வீட்டில் நாங்கள் மூவர் ஆடவர் மூன்று மூலைகளில் அமர்ந்திருந்தோம். சோலையார்பேட்டைப் பகுதியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கேங்மேனாகத் தண்டவாளம் காத்து ஓய்வு பெற்ற என் தந்தையார் ஒரு மூலை. வேலையற்ற குமாஸ்தாவாகிய நான் ஒரு மூலை. ஏழாம் வகுப்பு மாணவனான என் மகன், கைப்பேசியும் கையுமாக ஒரு மூலை. அவனை நான் கடிந்து கொள்ளாத நாளில்லை. ஒருநாள் சினம் மிகுந்து கைப்பேசியைப் பிடுங்கினேன். அதில் ஓடிக் கொண்டிருந்தது ஒரு சின்னஞ்சிறு இரயில்! மலை, பாலம், நிலையம், விளக்கு எல்லாம் இருந்தன. பிடுங்கிய நானே அரைமணி நேரம் பார்த்தேன்.

செருமன் நாட்டு ஆம்பர்க்கு நகரில் இரட்டைச் சகோதரர் இருவர் முன்னின்று அமைத்து, 2001-இல் திறந்த சிற்றுரு உலகம் அது. நம் நாட்டில் அத்தகையது இல்லையோ என்று தேடினோம். புனே நகரில் ஜோஷி என்னும் அன்பர் தம் வாழ்நாள் ஆர்வத்தால் அமைத்த சிற்றுரு இரயில் அருங்காட்சியகம் 1998-இலேயே திறக்கப்பட்டிருப்பதை அறிந்தோம். "நாமும் ஒன்று செய்வோமா, அப்பா?" என்றான் மகன். பல திங்கள்களுக்குப் பிறகு அவன் என்னிடம் விரும்பிக் கேட்ட முதற்கேள்வி அதுதான்.

இக்கலையில் உருவங்கள் மனம் போன போக்கில் சிறுத்துவிடுவதில்லை; அளவுக்குக் கட்டுப்பட்டே சிறுக்கின்றன. உலகெங்கும் மிகுதியாக வழங்கும் அளவுக்கு எச்.ஓ. என்று பெயர். உண்மைப் பொருளில் 87-இல் ஒரு பங்கு அது. பெரம்பூரில் உருவான 21.3 மீட்டர் நீளமுள்ள பழைய நீலப் பெட்டி, இந்த அளவில் ஏறத்தாழ 24.5 செண்டிமீட்டர் ஆகிவிடும். தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 1435 மில்லிமீட்டர் வரும். நம் பீன்யாவின் தலைக்குமேல் 2014 முதல் ஓடும் மெட்ரோ இரயிலின் பாதை அகலம் அதுவே! நாட்டின் அகலப்பாதையோ 1676 மில்லிமீட்டர். ஆகவே மேசைமேல் நாம் விரிக்கும் பாதை யசுவந்தபுரம் நிலையத்துப் பாதையைவிட நம் தெருவோரத்து மெட்ரோவுக்கே நெருங்கிய உறவு. மற்றோர் உறவும் உண்டு. இரண்டிலும் மேலே மின்கம்பி இல்லை. மெட்ரோ தன் பாதையோரத்து மூன்றாம் தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் மின்சாரத்தை வாங்குகிறது. நம் சிற்றுரு எஞ்சினோ தான் ஓடும் இரு தண்டவாளங்களிலிருந்தே 12 வோல்ட்டை வாங்கிக் கொள்கிறது.

காணொளிகளைப் பார்த்துத் தொழிலைத் தொடங்கினோம். முதலில் அட்டைப் பெட்டியை வெட்டி இரயில் பெட்டி செய்தோம். முழுஅடைப்பு நீங்கியபின் ஒருவர் பயன்படுத்தி விற்ற எஞ்சினையும் தண்டவாளங்களையும் வாங்கினோம். காணொளி என்னும் ஆசிரியரின் பெருமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எத்தனை முறை கேட்டாலும் சினவாதவர், நள்ளிரவில் எழுப்பினாலும் எழுந்து பாடம் சொல்பவர், கட்டணம் கேளாதவர். மணலைச் சலித்துத் தண்டவாளத்தின் இடையே தூவி, பெவிக்காலில் நீரும் ஒரு துளி சோப்பும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டால், மறுநாள் அது அசையாத ஜல்லியாகி நிற்கும் என்பதை அவரே கற்பித்தார். மரத்தூளுக்குப் பச்சை வண்ணம் ஏற்றிப் புல்வெளி செய்யவும், கம்பிகளைத் திரித்து மரம் செய்யவும் கற்பித்தார்.

ஆயினும், பெரியோர்களே, அந்த ஆசிரியரிடம் ஒரு குறை உண்டு. காணொளியை நாம் காண்கிறோம்; காணொளி நம்மைக் காண்பதில்லை. அவர் கை செய்வது நமக்குத் தெரிகிறது; நம் கை செய்யும் பிழை அவருக்குத் தெரிவதில்லை.

எங்கள் பிழைகள் பல. இடம் போதாமையால் 45 செண்டிமீட்டர் ஆரத்தில் பாதையை வளைத்தோம். நம் அகலப்பாதையில் மிகக் கடுமையான வளைவுக்கே 175 மீட்டர் ஆரம் வேண்டும். மேசையில் அது இரண்டு மீட்டருக்குச் சமம். நாங்கள் அதில் கால்பங்கும் கொடுக்கவில்லை. நீண்ட அட்டைப்பெட்டி வளைவில் பிதுங்கி, நடைமேடையை இடித்துத் தள்ளியது. பின்னொரு நாள், வண்டி தானே திரும்பி வரட்டும் என்று பாதையைச் சுற்றி வளைத்து அதே பாதையில் இணைத்தோம். வலத் தண்டவாளம் சுற்றிவந்து இடத் தண்டவாளத்தோடு சேர்ந்தது; மின்சாரம் குறுக்கே பாய்ந்து எல்லாம் நின்றுபோயிற்று.

இவற்றையெல்லாம் திருத்திக் கொண்டோம். ஒன்று மட்டும் திருந்தவில்லை. குறிப்பிட்ட ஓரிடத்தில் எஞ்சின் தடம் புரண்டது. ஒருமுறையன்று, ஒவ்வொரு சுற்றிலும்! சக்கரத்தை மாற்றச் சொன்னது ஒரு காணொளி. எடையைக் கூட்டச் சொன்னது மற்றொன்று. எல்லாம் செய்தோம், பயனில்லை. "நீங்கள் மலிவாகப் பார்த்து வாங்கியதால் வந்த வினை" என்றான் மகன். "பொறுமையில்லாத உனக்கு இது எதற்கு?" என்றேன் நான். அவன் அனைத்தையும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு மீண்டும் தன் மூலைக்குச் சென்றான். இரண்டு வாரம் நாங்கள் பேசிக் கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் தந்தையார், "கண்ணு, அந்தப் பாதையைக் கொஞ்சம் எடுத்து வை" என்றார். அவன் மனமின்றி எடுத்து வைத்தான். முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் அவர் தரையில் மண்டியிட்டார். மேசை விளிம்புக்குக் கன்னத்தைத் தாழ்த்தி, ஒரு கண்ணை மூடி, தண்டவாளத்தின் நீளவாக்கில் பார்வையை ஓடவிட்டார். நான் சிறுவனாக இருந்தபோது, வெயிலில் காய்ந்த பாதையில் அவர் அப்படிக் குனிந்து பார்த்ததைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிறகு, இரண்டு தண்டவாளங்கள் சேரும் மூட்டின்மேல் கட்டைவிரல் நகத்தை மெல்ல இழுத்தார். நகம் தடுக்கி நின்றது.

"இங்கே பார். தண்டவாளம் பிஷ்பிளேட்டுக்குள் போகவில்லை. அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சக்கரத்தின்மேல் ஏன் பழி போடுகிறாய்?" என்றார்.

அரை மில்லிமீட்டர் மேடுதான்! எத்தனையோ காணொளிகள் காட்டாததை ஒரு கேங்மேனின் நகம் காட்டிவிட்டது. "மூட்டில் ஓர் அஞ்சலட்டை கனத்துக்கு இடைவெளி விடு. வெயிலில் இரும்பு நீளும், உன் பலகையும் மழைக்கு உப்பும்" என்று அடுத்த பாடத்தையும் சொன்னார். "கேஜ் இல்லாமல் எந்தக் கேங்மேனாவது பாதை போடுவானா?" என்று கேட்டார். தொழிற்கூடத்தில் கடைசல் வேலை செய்யும் எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னட நண்பர் இதைக் கேட்டு, கழிவுப் பித்தளைத் துண்டொன்றில் 16.5 மில்லிமீட்டருக்குத் துல்லியமாக ஓர் அளவுகோல் கடைந்து கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அன்றிரவு எஞ்சின் ஐம்பது சுற்று ஓடியது. மகன் எண்ணிக் கொண்டிருந்தான். நான் பார்த்துக் கொண்டிருந்தேன். தந்தையார் கண்களை மூடி, மூட்டுகளின்மேல் சக்கரம் எழுப்பும் ஓசையைக் கேட்டுக் கொண்டிருந்தார்.

அதன்பின் எங்கள் வீட்டில் மூலைகள் இல்லை. பேரன் கைப்பேசியை வைத்துக் கொண்டு பார்ப்பதோடு நிற்கவில்லை. படம் பிடிக்கவும் தொடங்கினான். தாத்தா பாதை போடும் முறையைத் தமிழில் சொல்லச் சொல்லப் பதிவு செய்தான். சிலிப்பர்க் கட்டை, சாவி, ஜல்லி இடித்தல், மூட்டுப் பார்த்தல் என்று நாற்பது நிமிடம் அவர் பேசியிருக்கிறார். சென்ற ஆண்டு அவர் மறைந்தார். நகத்தை மூட்டின்மேல் இழுத்துக் காட்டும் அந்தக் கை மட்டும் இன்றும் எங்கள் வீட்டில் அசைகிறது. தமிழ் எழுதப் படிக்கத் தடுமாறும் என் மகன், அந்தப் பேச்சை எழுத்தில் வடிப்பதற்காகவே இப்போது தமிழ் எழுதப் பழகுகிறான்.

அன்பர்களே! இதனால் நான் சொல்ல விரும்புவது என்ன? காணொளி வேண்டாம் என்பதன்று. அது வழியைக் காட்டும். ஆனால் நம் கையைப் பார்த்துத் திருத்த அருகே ஒரு மனிதர் வேண்டும். அத்தகைய மனிதர்கள் நம் குடியிருப்பில் எத்தனை பேர்! கடைசல் அறிந்தவர்கள், பற்றவைப்பு அறிந்தவர்கள், தச்சு அறிந்தவர்கள், தையல் அறிந்தவர்கள் ஆயிரக்கணக்கான தொழிற்கூடங்கள் நிறைந்த இந்தப் பீன்யாவை நம்பி வந்து, உழைத்து, ஓய்வு பெற்று, இன்று ஆளுக்கொரு மூலையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அறிந்ததை யாரும் கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை. நாங்கள் பார்த்த காணொளிகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் செருமன் மொழியிலும் இருந்தன. நம் முதியோர் கைகள் அறிந்ததை நம் மொழியில் பதிவு செய்ய நம் பிள்ளைகளால் ஆகாதா?

சங்கத்தாரிடம் ஒரு சிறு விண்ணப்பம். நம் படிப்பகத்தின் ஓர் ஓரத்தில் ஒரு மேசைக்கு இடம் தாருங்கள். எங்கள் பாதையைக் கொண்டுவந்து அங்கே விரிக்கிறோம். ஞாயிறுதோறும் பிள்ளைகள் வரட்டும், முதியோரும் வரட்டும். அங்கே அமையும் நிலையத்துக்குத் தமிழிலும் கன்னடத்திலும் பெயர்ப்பலகை எழுதுவோம். பித்தளை அளவுகோல் என்னிடம் இருக்கிறது. அதைப் பிடிக்கக் கைகள்தாம் வேண்டும்.