மாத்திரை வாங்கப் போற நாளிலேயே இந்தச் சோதனையும்!



1986-ல் சென்னையில் எடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பதை நாட்டிலேயே முதலில் கண்டுபிடித்தது நம்ம வேலூர் சி.எம்.சி. ஆய்வகம். அன்னைக்கு மருந்தே இல்லை. இன்னைக்கு ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை இலவசம். ஒழுங்கா சாப்பிட்டா நீண்ட காலம் வாழலாம்.

அப்படிக் காப்பாத்தின உயிரைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பறிகொடுக்கலாமா?

இதற்குக் காரணம் எச்.பி.வி. கிருமி. பலருக்கு அது தானாகவே போயிடும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவதால் உடம்பிலேயே தங்கிடுது. அவர்களுக்கு ஆபத்து 6 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். 25 வயதிலிருந்தே, 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை சோதனை வேணும். முன்னாடியே தெரிஞ்சா, புற்றுநோயா மாறும் முன்பே சரிசெய்யலாம்.

ஆனா ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஷூ கம்பெனிப் பெண்களுக்கு ஒருநாள் லீவு போட்டா சம்பளம் போச்சு! "எதுக்கு லீவு?"ன்னு கேட்டா என்ன சொல்றதுங்கிற பயம் வேற.

அதனால கேட்கிறோம்: மாத்திரை வாங்க வரும் நாளிலேயே சோதனையும் நடக்கட்டும். காரணம் கேட்காம, சம்பளத்தோட கம்பெனி லீவு தரட்டும்.

உறவுகளே, 30 வயதுக்கு மேல எல்லாப் பெண்களுக்கும் தேவையான சோதனைதான் இது. யாருக்கு என்ன நோய்னு துருவாதீங்க. "துணைக்கு நான் வரேன்"னு சொல்லுங்க!