சும்மா இருப்பவள் யார்?

(சங்கத்தின் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ரேஷன் கார்டுக்கு எழுத வந்தவர், "அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள்?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர், "சும்மாதான் இருக்கிறாள்" என்றார். அவர் கெட்டவர் அல்ல; இதோ, முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்! 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அதிலேயே நாளொன்றுக்கு 299 நிமிடம் போகிறது. ஆணுக்கு 97. இதுவா சும்மா?

சம்பளத்துக்குப் போகாதவளின் மூளை துருப்பிடித்துவிடும் என்று படித்த தோழர்கள் சிலரும் பேசுகிறார்கள். தாராவியிலிருந்து நம் பெண்கள் பங்களாக்களில் பாத்திரம் தேய்க்கப் போகிறார்களே, அதுவும் சம்பளம்தான். அங்கே அறிவு வளர்கிறதா? வை. மு. கோதைநாயகி பள்ளிக்கூடம் போகாதவர், இளம் வயதிலேயே மணமானவர். எழுதப் பழகாத காலத்தில் தாம் சொல்லச் சொல்லத் தோழியை எழுத வைத்தே முதல் நாடகத்தை முடித்தார். பிறகு எழுதிய நாவல்கள் நூற்றுக்கு மேல்.

நம் சங்கப் படிப்பகம் மாலை ஆறு முதல் ஒன்பது வரை. அப்போது நாங்கள் குழாயடியில், அல்லது அடுப்படியில். பகல் இரண்டு முதல் நான்கு வரை திறந்து வையுங்கள். சாவியை நான் வாங்கிக்கொள்ளத் தயார். பிள்ளைகளும் கூட வரும், சத்தம் போடும். போடட்டும்.